இடது சக்கரத்துப் பச்சைக் கோடு

பழைய வண்டி ஒன்றை வாங்குவதற்காகப் பார்க்கப் போனால் முதலில் கதவைத் திறக்காதீர்கள். டயரை உதைத்துப் பார்க்காதீர்கள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடிக்கப் போய்விட்டு, ஆறிய பிறகு வாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஒருவர் இன்ஜினை ஓட்டி வைத்திருக்கிறார் என்றால், ஆறிய இன்ஜின் எடுத்தவுடன் போடும் சத்தத்தையும் விடும் புகையையும் நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். பால் வாங்கப் போய்விட்டு வந்தும் இருக்கலாம். எதுவானாலும் ஆறட்டும்.

எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு இதை எழுதித் தரச் சொன்னார்கள். காரணம், டர்போ வைத்த சின்னக் கார்கள். ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இப்போது அந்த வண்டிகள் மேல்தான் ஆசை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஐந்து வருடம் ஓடிய வண்டியைத் தேடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்கு போட்டோ அனுப்பி, "அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். போட்டோவில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

என் பெயர் ஏழுமலை. வாலாஜாபாத் பக்கத்து ஆள். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதில் உள்ள எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். பதினான்கு வயதில் வண்டி கழுவப் போனேன். கழுவிக் கழுவி மெக்கானிக் ஆனேன். நடுவில் நான்கு வருடம் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். அங்கே என் வேலை போல்ட்டை முறுக்குவது. அளவாக முறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்த இடம் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு பதினான்கு வருடம், ஒரகடத்தில் ஒரு பழைய கார் யார்டில் வண்டிகளைச் சோதிக்கும் வேலை. முதுகில் டிஸ்க் விலகி, வண்டிக்கு அடியில் படுக்க முடியாமல் போனதும் நின்றுவிட்டேன்.

எனக்கு அந்நியர்களிடம் பேச வராது. இந்த வேலைக்கு அது நல்லது என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

யார்டில் என் மேலதிகாரி வசந்தி மேடம். குன்றத்தூர்க்காரர், டிப்ளமோ படித்தவர், என்னைவிட எட்டு வயது சின்னவர். பேனாவைக் காதில் செருகியிருப்பார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சத்தம் போட மாட்டார். ஏதாவது தப்பு என்றால் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். சத்தம் போடுகிற முதலாளிகளிடம் இருந்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கேள்விதான் பயம்.

நான் சேர்ந்த புதிதில் சோதனைப் படிவம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று யாரிடமும் சொல்லவில்லை. மேலிருந்து ஏழாவது வரி கிளட்ச், பன்னிரண்டாவது ஆயில் கசிவு என்று மனப்பாடம் செய்துகொண்டு டிக் போட்டுவந்தேன். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் படிவத்தைப் புதிதாக அச்சடித்தபோது நடுவில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து மேடம் நான்கு படிவங்களோடு வந்து நின்றார்.

"அண்ணே, ஹாரன்ல ஆயில் எப்படிக் கசியுது?"

ஆயில் கசிவுக்கு நான் போட்ட டிக் எல்லாம் ஹாரன் வரியில் விழுந்திருந்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த பெயிண்டர் சிரித்தான். "நீ போய் உன் வேலையப் பாரு" என்று அவனை அனுப்பிவிட்டு, என்னிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மூன்றாம் நாள் படிவம் தமிழில் வந்தது. மேடமே வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. அதில் டிக் போடும் கட்டம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றில் "கண்டது", மற்றதில் "நினைத்தது".

"ஆயில் சொட்டு இருந்தா அது கண்டது. சீல் போயிருக்கும்னு தோணுனா அது நெனச்சது. ரெண்டையும் கலக்காதீங்க. கலந்துட்டா எனக்கு எது எதுன்னு தெரியாது" என்றார்.

அதன் பிறகு நான் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் ஒரு வரியில் விரலை வைத்து, "இது பார்த்ததா, நெனச்சதா?" என்று கேட்பார். மாதக் கணக்கில் கேட்டார். கடைசியில் அவர் கேட்காவிட்டாலும் என் காதில் கேட்டது.

அந்தப் படிவத்தை நிரப்ப நான் செய்ததைச் சொல்கிறேன். வண்டியை நான் ஓட்ட மாட்டேன். விற்க வந்தவரையே ஓட்டச் சொல்லி இடது சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். யார்டிலிருந்து வடக்குப்பட்டு போகும் பாதையில் மூன்று வேகத்தடை, ஒரு உடைந்த ரோடு. அது போதும். வேகத்தடையில் 'டொக்' என்று கேட்டால் சஸ்பென்ஷன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'கடகட' என்றால் ஆக்ஸில் முனை. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்தச் சொல்வேன். இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. வேகமாக ஓட்டுபவர்களிடம் இருந்த வண்டிகளில் இதுதான் முதலில் போகும்.

திரும்பி வந்ததும் அவர் கையைத்தான் பார்ப்பேன். டர்போ என்பது புகை போகும் வழியில் சுற்றும் ஒரு சின்னக் காற்றாடி. அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். விரட்டி ஓட்டி வந்து சட்டென்று இன்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். காற்றாடி சூட்டோடு தவிக்கும், ஆயில் கருகும். அதனால் வண்டியை நன்றாக வைத்திருப்பவர் ஒரு நிமிடமாவது இன்ஜினை ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். வாயால் என்ன சொன்னாலும் கை பழகியபடிதான் செய்யும்.

பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை எத்தனை முறை கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கும். நான்கு டயரின் உள் ஓரத்தையும் கையால் தடவ வேண்டும். அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த குறைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும்போது குறை ஒன்றும் இல்லை என்று வந்தால் உடனே மகிழாதீர்கள். உள் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்றும் அது காட்டினால், பதிந்திருந்த குறைகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும். இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள்.

கடைசியாக டார்ச் அடித்துப் போல்ட்டுகளைப் பார்ப்பேன். கம்பெனிக் கோடு உடையாமல் இருந்தால் அந்த இடத்தைத் திறக்கவில்லை. ஒரு முறை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒருவர் சிவப்பு டர்போ வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளில் மஞ்சள் கோடு பளபளவென்று இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினே கீறே! வண்டி புடிச்சிருக்கா இல்லியா?" என்றார்.

நகத்தால் சுரண்டினேன். கோடு தோலாக உரிந்து வந்தது. நெயில் பாலிஷ். இன்ஜினை இறக்கி ஏற்றிவிட்டு, வீட்டில் யாருடையதையோ எடுத்துக் கோடு இழுத்திருக்கிறார். அவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து யார்டில் என் பெயர் 'கோடு ஏழுமலை'. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் மாரிச்செல்வி வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காரின் அடிப்பாகம் செய்யும் கம்பெனியில் ஐந்து வருடமாக அசெம்ப்ளி லைனில் வேலை. அவர் கொண்டுவந்தது வெள்ளை நிற டர்போ ஹேட்ச்பேக். வந்து சாவியைக் கொடுத்தார், நின்றார். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வடக்குப்பட்டு வரை போய்த் திரும்பினோம். எப்படி ஓட்ட வேண்டும் என்று சொன்னது தவிர ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. சாதாரணமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விற்க வந்தவர்கள் தாங்க முடியாமல் எதையாவது உளறுவார்கள். இவர் அப்படி இல்லை.

வண்டி அருமையாக ஓடியது. திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் சாவியைத் தொடாமல் ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் பார்த்தேன்.

பிறகு லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தேன். வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் எல்லாப் போல்ட்டிலும் மங்கிய மஞ்சள் கோடு. இடது பக்கம், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ்க்கை என்ற இரும்புக் கையின் நான்கு போல்ட்டுகளில் புத்தம் புதிய பச்சைக் கோடு. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. நல்ல பெயிண்ட். இந்த முறை கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். இடது பக்கம் மட்டும் பிரித்திருக்கிறார்கள் என்றால் இடது பக்கம் அடி வாங்கியிருக்கிறது. அடியை மறைக்கக் கோடு போட்டிருக்கிறார்கள். இவ்வளவும் எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. "கண்டது" கட்டத்தில் எழுதினேன்: இடது முன்பக்கம் விபத்து. மறைக்கப்பட்டுள்ளது.

மேடம் அந்த வரியில் விரலை வைத்தார். "பார்த்ததா, நெனச்சதா?"

"பார்த்தது மேடம்" என்றேன். கோட்டு விஷயத்தில் என்னைக் கேட்கலாமா என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

எங்கள் அறிக்கையில் 'விபத்து' என்ற சொல் விழுந்தால் அந்த ரோட்டில் வேறு எந்த யார்டும் அந்த வண்டியைத் தொடாது. கம்ப்யூட்டரில் ஏற்றிய அறிக்கையை எல்லா யார்டுகளும் பார்க்கும், அழிக்கவும் முடியாது. மேடம் என்னை நம்பி ஏற்றினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாரிச்செல்வி கம்பெனி யூனிபாரத்தோடு அதே வண்டியில் வந்தார். இரண்டாவது ஷிப்டு ஏறுவதற்கு முன் வந்திருக்கிறார். கையில் அறிக்கை.

"அண்ணாச்சி, இத எழுதுனது நீங்களா?"

"ஆமாம்மா."

"எந்த எடத்துல அடி வாங்கியிருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன். எனக்குத் தெரியாம எவன் வந்து இடிச்சாம்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

நான் வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச்சைப் பச்சைக் கோட்டின் மேல் அடித்தேன். அவர் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நான் போட்ட கோடுல்லா!"

யூனிபாரத்தின் சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தார். பச்சை.

"எங்க லைன்ல மொத ஷிப்டுக்கு மஞ்ச, ரெண்டாவது ஷிப்டுக்குப் பச்ச. அஞ்சு வருசமா போல்ட்ட முறுக்குனா கோடு போட்டுட்டுத்தான் கைய எடுக்கேன். எங்க ரூம்ல சீலிங் ஃபேன் போல்ட்டுல கூடக் கோடு இருக்கு, வந்து பாருங்க. ரூம்ல உள்ள பிள்ளைக சிரிக்கும்."

"எதுக்குப் பிரிச்ச?" என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"மழைக்கு வாலாஜாபாத் ரோட்டுல தண்ணி நின்னுச்சு. குழின்னு தெரியாம எறக்கிட்டேன். இடப்பக்கக் கீழ்க்கை வளஞ்சிட்டு. புதுசு வாங்கி நாந்தான் மாட்டுனேன். பில்லு டேஷ்போர்டுக்குள்ளயே இருக்கு அண்ணாச்சி. பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தீங்க, சீட்டுக்கடியில கைய விட்டீங்க, டயரத் தடவுனீங்க. என்னையப் பாத்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீயும் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"நானாச் சொன்னா வெலைக்காகப் பசப்புதான்னு நெனப்பீங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." கையிலிருந்த அறிக்கையை மடித்தார். "வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வடக்குப்பட்டு முக்குல ஒரு கடை பாத்து வச்சிருக்கேன். வீல் அலைன்மென்ட்டு கடை. வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் பணம் வரலைன்னா வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாவ. வேற மூணு யார்டுல போன்ல கேட்டுட்டேன். உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டு வண்டியவே பாக்க மாட்டேங்காவ."

அன்று புதன்கிழமை.

வசந்தி மேடம் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாரிச்செல்வியிடம் கேட்டார்: "கீழ்க்கை போல்ட்டுக்கு எவ்ளோ டார்க்மா வச்சே?"

அவர் யோசிக்காமல் நான்கு போல்ட்டுக்கும் முறுக்கிய அளவைச் சொன்னார். மேடம் கம்ப்யூட்டரில் பார்த்தார். நான்கும் சரி. உள்ளே போய் டார்க் ரெஞ்சை எடுத்துவந்து, அந்த அளவில் வைத்து என் கையில் கொடுத்தார். போல்ட் இறுக்கமாக இருந்தால் நகராமல் ரெஞ்சு 'டக்' என்று சொல்லும். தளர்ந்திருந்தால் திரும்பும்.

முதல் போல்ட். டக். இரண்டாவது. டக். மூன்றாவது. டக். நான்காவதும் டக். ஒரு கோடும் உடையவில்லை.

அதோடு விட்டுவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அப்படி விட்டால் நேற்று அவரைச் சந்தேகப்பட்டது போல இன்று அவரை நம்பியது ஆகும். இரண்டுமே நினைத்ததுதான். அதனால் நேற்று செய்திருக்க வேண்டியதை எல்லாம் செய்தேன். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தேன். சமமாக இருந்தது. பானெட்டுக்குள் இடது ஓரத்துத் தகட்டின் இணைப்புகளைத் தடவிப் பார்த்தேன். கம்பெனி ஒட்டிய பசை அப்படியே இருந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட்டுகளில் மங்கிய மஞ்சள். விளக்கு, கண்ணாடி எல்லாம் வண்டியோடு பிறந்தவை. டேஷ்போர்டுக்குள் பில் இருந்தது. நேற்று அரை மணியில் முடித்த சோதனைக்கு அன்று மூன்று மணி நேரம் ஆனது. மாரிச்செல்வி ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடித்தார்.

முடித்ததும் மேடம் காதிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "பழசை அழிக்க முடியாது. கீழ சேர்த்து எழுதுங்கண்ணே."

அதுவரை நான் ஒரு கட்டத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் எழுதியதில்லை. நின்றபடியே எழுதினேன்: "நேற்று நான் கண்டது பச்சைக் கோடு. விபத்து என்பது நான் நினைத்தது. நினைத்ததைக் கண்டதாக எழுதிவிட்டேன். இன்று அளந்து பார்த்தேன். விபத்து இல்லை. குழியில் விழுந்து இடது கீழ்க்கை மட்டும் மாற்றியது. மாற்றியவர் வண்டிக்காரர். வேலை சரியாக உள்ளது. ஏழுமலை."

எழுதியதை மாரிச்செல்வியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"கீழ்க்கைய மாட்டுனா அலைன்மென்ட்டும் பாக்கணும். அது பாத்தத எழுதலையே அண்ணாச்சி?"

மேடம் சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். "அதையும் சேருங்கண்ணே, அந்தப் பொண்ணு விடாது" என்றார். சேர்த்தேன்.

வண்டியை எங்கள் யார்டே எடுத்துக்கொண்டது. வியாழக்கிழமை மாலை மாரிச்செல்வி கடைக்காரரைப் பார்த்துச் சாவி வாங்கிவிட்டதாக மேடம் சொன்னார். இரண்டு வாரத்தில் அந்த வண்டி குன்றத்தூர்க்காரர் ஒருவருக்குப் போனது. என்னுடைய இரண்டு அறிக்கையையும் படித்துவிட்டுத்தான் வாங்கினார். "தன் தப்பயே எழுதி வச்சிருக்கிறவன் மத்ததையும் மறைக்க மாட்டான்" என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு 'கோடு ஏழுமலை' என்று யாராவது கூப்பிட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். விற்க வருபவர்களிடம் கேட்கப் பழகினேன். முதலில் ஒரே ஒரு கேள்வியை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போவேன்: "இந்த வண்டியில நீங்க என்னென்ன மாத்துனீங்க?" பெரும்பாலானவர்கள் சொல்லத்தான் ஆசைப்படுகிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பொய் சொல்பவர்களும் உண்டு. அதற்குத்தான் டார்ச்சும் டேப்பும் இருக்கின்றன.

மாரிச்செல்வியின் கடை இப்போது பெரிதாகிவிட்டது. லைனில் அவரோடு வேலை செய்த இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். அங்கே முறுக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பச்சைக் கோடு உண்டு. யார்டுக்கு வரும் வண்டிகளையே அங்கே அனுப்புகிறார் வசந்தி மேடம்.

போன வாரம் யார்டிலிருந்து, என் இடத்துக்கு வந்திருப்பவர் ஒரு போட்டோ அனுப்பினார். நீல நிற டர்போ வண்டி. இடது முன் சக்கரம். "அண்ணே, இந்தப் பக்கம் மட்டும் பச்சக் கோடு. அடிபட்ட வண்டியா?"

"கேட்டியா?" என்று அனுப்பினேன்.

"யாரண்ணே?"

"வண்டிக்காரரை."

பத்து நிமிடம் கழித்துக் குரல் செய்தி வந்தது. "கேட்டேண்ணே. செல்விக்கா கடையில மாத்துனாராம். பில்லு டேஷ்போர்டுக்குள்ளயே கீது. இந்தாளு நல்லாப் பேசறாருண்ணே, பேசிகினே இருக்காரு."

"சரி. இப்ப டேப்பை எடு" என்று அனுப்பினேன்.

பானெட் சூடாக இருந்தால் டீ குடிக்கப் போகச் சொன்னேன் அல்லவா? தனியாகப் போகாதீர்கள். வண்டிக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.